சலவை ஆலையில் ஓர் அம்மா வீடு

மடிப்பக்காவின் கையை ஒருமுறை பிடித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ரேகை என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. சூடான விரிப்புகளைப் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. கைரேகை ஜோசியன் அவளிடம் வந்தால் அவன் பிழைப்பில் மண்தான். ஆலை வாசலில் இருக்கிற வருகை மெஷினுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. விரலை வை என்னும். வைத்தால் மீண்டும் முயலவும் என்னும். பின்னால் நிற்கிறவர்கள், "சீக்கிரம்க்கா" என்று முனகுவார்கள். அவள் விரலைச் சட்டையில் தேய்த்து, ஊதி, எச்சில் தொட்டு, திரும்பத் திரும்ப அழுத்துவாள். தலையை மட்டும் நிமிர்த்த மாட்டாள்.

நிமிர்த்தினால் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

போட்டோவில் இருந்தவள் வெடி. அவள் சிரித்தால் பட்டாசுக் கட்டைப் பற்ற வைத்த மாதிரி இருக்கும் என்பதால் வந்த பெயர். அடையாள அட்டைக்காக எடுத்த படம் அது. வாழ்நாளில் அவள் சிரிக்காமல் எடுத்துக்கொண்ட ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்கள். ‘ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர். கடைசி நிமிடம் வரை உழைத்தவர்.’ முதல் வரி உண்மை. இரண்டாவது வரி பொய். அது பொய் என்று ஆலையில் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். அந்த மூன்று பேரில் மடிப்பக்கா ஒருத்தி.

ஊர் உலகத்து அழுக்கெல்லாம் வந்து சேருகிற இடம் அந்தச் சலவை ஆலை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு பக்கம் ராட்சத மெஷின்கள் துவைத்துப் பிழிந்து தள்ளும். இன்னொரு பக்கம் இஸ்திரி உருளைகள் ஓடும். ஈர விரிப்பை உருளைக்குள் விட இரண்டு பேர், மறுபக்கம் காய்ந்து வெளியே வருவதைப் பிடித்து மடிக்க இரண்டு பேர். ஓர் உருளைக்கு நாலு பேர் என்று கணக்கு. நீராவியும் இரைச்சலும் சேர்ந்த அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவளிடம் உப்பு இருக்கிறதா என்று கேட்கக்கூட ஊரைக் கூட்டுகிற குரலில் கேட்க வேண்டும்.

மடிப்பக்காவின் உருளையில் விரிப்பை உள்ளே விடுகிறவர்கள் ஒரு மாமியாரும் மருமகளும். வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் அடுப்படியில் இருந்தால் மற்றவர் வாசலில் இருப்பார். என்ன சண்டை என்று இருவருக்குமே மறந்துபோயிருந்தது, சண்டையை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை. ஆனால் உருளைக்கு முன்னால் நின்றுவிட்டால் நாலு கையும் ஒரே உடம்பில் முளைத்த மாதிரி வேலை செய்யும். "வீட்டுலயும் ஒரு உருளை வாங்கிப் போடுங்க, குடும்பம் ஒத்துமையா இருக்கும்" என்று வெடி சொல்வாள். மாமியாருக்குச் சிரிப்பு வரும், மருமகள் பார்க்காத பக்கமாகத் திரும்பிச் சிரித்துக்கொள்வார்.

மறுபக்கம் மடிப்பக்காவும் வெடியும். உருளையிலிருந்து விரிப்பு வெளியே வரும்போது ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். நடுவில் இருவரின் விரல்களும் தொடும். அந்த இடத்தில் வெடி தன் முனைகளை இவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, கீழே தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள். மறுபடி விரல் தொடும். நாள் முழுக்க இதுதான். கட்டிய கணவன் கையைக்கூட மடிப்பக்கா அத்தனை தடவை தொட்டதில்லை. பேசாமலே வெடியின் விரலை வைத்து அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். வீட்டில் சண்டையா, சாப்பிட்டாளா, ராத்திரி தூங்கினாளா என்று தொட்டதும் சொல்லிவிடுவாள். காய்ச்சலும் அப்படித்தான் தெரிந்தது. உருளையின் சூடு தோலோடு நிற்கும், தொட்டதும் ஆறிவிடும். காய்ச்சலின் சூடு உள்ளேயிருந்து வருகிற சூடு, அது ஆறாது.

அந்த ஆலையில் சம்பளத்தோடு வருகைப்படி என்று ஒன்று உண்டு. மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் கிடைக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் கிடையாது, உருளைக்கு உருளைதான். நாலு பேரில் ஒருவர் ஒரு நாள் வராவிட்டாலும் நாலு பேருக்கும் போச்சு. இதைக் கண்டுபிடித்த மகராசன் யாரென்று தெரியவில்லை. நன்றாக ஏசி போட்ட அறையில் உட்கார்ந்துதான் யோசித்திருப்பான். தனியாகக் காவல் போட வேண்டாம், நாலு பேரையும் ஒருவருக்கொருவர் காவலாக்கிவிட்டால் போதும். காய்ச்சல்காரியை வீட்டிலேயே வந்து இழுத்துக்கொண்டு போவது முதலாளி இல்லை, கூட வேலை செய்கிறவள்தான். அதனால் முதலாளி மேல் யாருக்கும் கோபமும் வராது.

மடிப்பக்காவின் வீட்டில் சம்பளம் சாப்பாட்டோடு முடிந்துவிடும். அவள் கணவர் பெயின்ட் அடிக்கிறவர். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனதிலிருந்து வீட்டோடு இருந்தார். சமையல் அவருடையது. குழம்பில் உப்பு எப்போதும் ஒரு கை கூடத்தான் இருக்கும், ஆனால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர் கை என்று இவளும் சொல்லிக் காட்டமாட்டாள். வாடகையும் அவருடைய மாத்திரையும் படியில்தான் ஓடின. படி வராத மாதத்தில் மாத்திரை நின்றுவிடும். மாத்திரை நின்றால் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், ராத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். அதனால் இவளுக்குப் படி என்பது பணமாகத் தெரியவில்லை, அவர் நிமிர்ந்து நடப்பதாகத் தெரிந்தது.

இப்படி வீட்டுக்கு வீடு ஒரு காரணம் இருந்ததால்தான் அம்மா வீடு உண்டாயிற்று.

மடித்த விரிப்புகளைச் சுவர் ஓரமாக ஆள் உயரத்துக்கு அடுக்கி வைப்பார்கள். வேன் வந்து எடுத்துப் போகும்வரை அங்கேதான் இருக்கும். அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு அடுக்குவது பெண்களின் பழக்கம். உடம்புக்கு முடியாதவள் காலையில் வந்து மெஷினில் விரலை வைத்துவிட்டு அந்தச் சந்துக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள். கீழே பழைய போர்வை, சுற்றிலும் அப்போதுதான் உருளையிலிருந்து வந்த விரிப்புகளின் கதகதப்பு. மற்ற மூன்று பேரும் அவள் வேலையைப் பகிர்ந்துகொள்வார்கள். எங்கே அவள் என்று யாராவது கேட்டால், "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்று கண்ணைக் காட்டுவார்கள். தலையில் தொப்பி, வாயில் துணி என்று எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிற கூடத்தில், நீராவிக்குள் தலையை எண்ணிப் பார்க்க சூப்பர்வைசருக்குப் பொறுமை இருந்ததில்லை. அவர் அடுக்கின் உயரத்தைத்தான் பார்ப்பார். உயரம் இருந்தால் விசிலடித்துக்கொண்டே போய்விடுவார். அவர் பெயரே விசில்தான்.

வீட்டில் படுத்தால் விடுப்பு, அம்மா வீட்டில் படுத்தால் வருகை, காய்ச்சல் என்னவோ அதே காய்ச்சல்தான். ஒருத்தியின் இருமல் மற்ற மூன்று பேருக்கும் தொற்றி, அவர்களும் முறை வைத்துக்கொண்டு படுப்பார்கள். மேலே ஆபீசில் வருகை நூற்றுக்கு நூறு என்று மானேஜர் மார்தட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் வருகிறார்கள், அப்புறம் ஏன் வேலை மட்டும் குறைகிறது என்று அதே மானேஜர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கீழே இறங்கி வந்து ஓர் அடுக்கைத் தள்ளிப் பார்த்திருந்தால் விடை அங்கே படுத்திருந்திருக்கும்.

வெடிக்கு வந்தது முதலில் சாதாரணக் காய்ச்சல். அவளும் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டாள். மாதக் கடைசி. "படி வாங்கிட்டு மறுநாளே டாக்டரப் பாத்துடறேன்கா. இப்ப போனா அவரு படுக்கச் சொல்லுவாரு, அதுக்கு எதுக்கு அவருக்குக் காசு, நானே படுத்துக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. அன்று காலை விரல் தொட்டபோது மடிப்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உருளையைவிடச் சூடாக இருந்தாள்.

"நீ அம்மா வீட்டுக்குப் போ" என்று சொன்னது மடிப்பக்காதான். போர்வையை விரித்தாள், தலைக்கு ஒரு விரிப்பை மடித்து வைத்தாள். வெடி கூசாமல் படுத்துக்கொண்டு, "ஓட்டல்காரன் படுக்கறதுக்கு முன்னாடி நான் படுத்துட்டேன்" என்றாள். மடிப்பக்கா வெளியே வந்து, உள்ளே வெளிச்சம் விழாதபடி இன்னும் இரண்டு அடுக்கை நகர்த்தி வைத்தாள். தூங்கட்டும் என்றுதான்.

ஒரு பக்கம் ஆள் இல்லாவிட்டால் விரிப்பின் மறுமுனையைத் தூணில் இருக்கிற ஆணியில் மாட்டிக்கொண்டு தனியாக மடிக்கலாம். மடிப்பக்காவுக்கு அது கைவந்த கலை. அன்று அவளுக்குப் பேய் பிடித்த மாதிரி வேலை ஓடியது. ஆணி பேசாது, சிரிக்காது, நடுவில் தண்ணீர் குடிக்கப் போகாது. மாமியாரும் மருமகளும் தள்ளத் தள்ள இவள் ஆணியில் மாட்டி, உதறி, மடித்துக் குவித்துக்கொண்டே இருந்தாள். வெடியின் பங்கு குறைந்துவிடக் கூடாது என்ற ஆசைதான். சாயங்காலத்துக்குள் மற்ற எந்த உருளையிலும் இல்லாத உயரத்துக்கு அடுக்கு வந்துவிட்டது. விசில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கலக்கிட்டீங்க போங்க! நாலு பேருக்கும் இன்னைக்கு என் கணக்குல டீ."

வந்தது நாலு டீ. மாமியார் ஒன்று, மருமகள் ஒன்று, மடிப்பக்கா ஒன்று. நான்காவதை எடுத்துக்கொண்டு அவள் அடுக்கை நகர்த்தி உள்ளே போனாள். "ஏய், எழுந்திரு. விசிலோட டீ. உலகம் அழியப் போகுது" என்றாள். வெடி எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தாள். காலையில் உருளையைவிடச் சூடாக இருந்த விரல்கள் ஆறிப்போயிருந்தன. கையிலிருந்த டீ மட்டும் ஆவி பறந்தது.

அப்புறம் நடந்ததை மூன்று பேரும் தங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை. அம்மா வீடு வெளியே தெரிந்தால் கூடத்தில் ஒருத்திக்கும் வேலை இருக்காது என்று மாமியார் நடுங்கினார். தூக்கி வந்து உருளைக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். பிறகுதான் கத்தினார்கள். நின்றுகொண்டிருந்தவள் திடீரென்று விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள். காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கியிருந்தது, முன்னாடியே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த மாதம் நாலு பேருக்கும் படி வந்தது. வெடியின் பங்கை மானேஜரே நேரில் கொண்டுபோய் அவள் கணவரிடம் கொடுத்தார். அப்புறம் அந்தப் போட்டோ மாட்டினார்கள்.

வெடியின் கணவருக்கு ஆலையிலிருந்து வருகிற தெருவில் ஒரு பஞ்சர் கடை. சாவுக்குப் போன மடிப்பக்காவை அவர் தனியாக அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீதானம்மா அவ கூடவே நின்னது? கடைசியா ஏதாவது சொன்னாளா?"

"இல்லண்ணே. சிரிச்சிட்டே வேலை செஞ்சிட்டிருந்தா. அப்படியே விழுந்துட்டா" என்றாள் இவள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "வலியில்லாமப் போயிருக்கா. அது போதும்" என்றார்.

அதிலிருந்து மடிப்பக்கா அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டாள். பின்பக்கத்துச் சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவாள். எப்போதாவது தவறிப்போய் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் அவர் முதுகு தெரியும். நிமிர்ந்துவிடுவாரோ என்று இவள் நடையை எட்டிப் போடுவாள்.

அவர் கேட்ட கேள்வி மட்டும் சுற்றுவழியிலும் கூடவே வந்தது. கடைசியாக ஏதாவது சொன்னாளா? உள்ளே படுத்திருந்தவள் கூப்பிட்டிருப்பாளோ? தண்ணீர் கேட்டிருப்பாளோ? தூக்கத்திலேயே போயிருப்பாள் என்று பகலில் சொல்லிக்கொள்வாள். வீட்டில் கொடியிலிருந்து துணி எடுக்கும்போது அந்தச் சமாதானம் நிற்காது. போர்வையின் இரண்டு முனையைப் பிடித்து உதறுவாள். உதறியதும் மறுமுனை கீழே விழாமல் எதிரில் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி விறைத்து நிற்கும். அவள் முனைகளை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்பாள். எதிர்ப்பக்கம் நடந்து வருகிற விரல்களுக்காகக் காத்திருப்பாள்.

"என்னம்மா, யாருக்காக நிக்கற?" என்று கணவர் கேட்பார்.

"காத்து அடிக்குது" என்பாள்.

"காத்தா? இங்க ஒரு இலை ஆடலையே!"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மறுமுனையை வாங்கிக்கொள்வார். அவருக்கு மடிக்கத் தெரியாது, கசக்கிச் சுருட்டித்தான் கொடுப்பார். ஆனால் அவர் விரல் படும்போதுதான் இவளுக்கு மூச்சு சீராகும்.

ஆலையிலும் அப்படித்தான். வெடியின் இடத்துக்கு வந்தவளைப் புதுசு என்று கூப்பிட்டார்கள். வந்து எத்தனையோ மாதமாகியும் புதுசு புதுசாகவே இருந்தாள். நல்ல பெண், கெட்டிக்காரி. அவள் விரல் தொடும்போதெல்லாம் மடிப்பக்காவுக்குக் கை ஒரு நொடி பின்வாங்கும். சில சமயம் அந்த விரல்கள் ஐஸாக இருக்கிற மாதிரி இருக்கும், நிமிர்ந்து முகத்தைப் பார்த்துப் புதுசுதான் என்று நிச்சயப்படுத்திக்கொள்வாள். சாயங்காலம் டீ வந்தால் குடிக்க மாட்டாள். "அக்காவுக்கு டீ ஆகாது" என்று புதுசு எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அம்மா வீட்டுக்குக் கொஞ்ச நாள் யாரும் போகவில்லை. ஆள் செத்த இடம் என்று தெரியாதவர்கள்கூட, அந்த மூன்று பேரும் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்ப்பதைப் பார்த்துத் தவிர்த்தார்கள். பிறகு மழைக்காலம் வந்தது, ஊரெல்லாம் காய்ச்சல் வந்தது, வாடகையும் வழக்கம்போல் வந்தது. முதலில் பக்கத்து உருளைக்காரி ஒருத்தி போய்ப் படுத்தாள். அப்புறம் எல்லாரும் போனார்கள்.

இந்த முறை மடிப்பக்காவுக்கே வந்தது.

காலையிலிருந்தே கண் எரிந்தது. சொன்னால் கணவர் போக விடமாட்டார் என்று சொல்லாமல் வந்துவிட்டாள். மறுபடியும் ஒரு மாதக் கடைசி. வருகை மெஷின் வழக்கத்தைவிட அதிகமாக அவளை அலைக்கழித்தது. உருளை ஓட ஆரம்பித்தது, விரிப்பு வந்தது, பிடித்தாள், உதறினாள், நடந்தாள். நடுவில் விரல் தொட்டது. புதுசு விருட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க கை சுடுது!"

"உருளைச் சூடு."

"இல்லக்கா. இது உருளைச் சூடு இல்ல."

உருளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். பிறகு பார்வையை வேறு எங்கோ வைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

"வேணாம். நான் நிக்கறேன்" என்றாள் மடிப்பக்கா. நின்றாள். அடுத்த விரிப்பு அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. தரையில் விழுந்தால் திரும்பத் துவைக்க வேண்டும். அவள் நின்றுகொண்டே வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் விசில் சத்தம் கேட்டதும் புதுசு அவள் தோளைப் பிடித்து அடுக்கின் பின்னால் தள்ளிவிட்டாள். போர்வையை விரித்தாள், தலைக்கு மடித்து வைத்தாள், வெளிச்சம் விழாமல் இன்னும் ஓர் அடுக்கை நகர்த்தினாள். ஒவ்வொன்றும் அச்சு அசலாக அன்று இவள் செய்தது.

உள்ளே ஆஸ்பத்திரி வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து அடித்தது. மூன்று பக்கமும் விரிப்புகளின் சூடு, நாலாவது பக்கம் சுவரின் சில்லிப்பு. உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பார்த்தாள். அங்கிருந்து தெரிந்தது அவள் தினமும் நிற்கிற இடம். இன்று அங்கே புதுசு நின்றுகொண்டிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு. விரிப்பின் மறுமுனை ஆணியில் தொங்கியது.

அப்படியென்றால் வெடி நாள் முழுக்க என் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள் என்று நினைத்தாள். என் முதுகையும், அவள் கைக்குப் பதிலாக இருந்த அந்த ஆணியையும்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. கண் திறந்தபோது நாக்கு மரக்கட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மார்பில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு கனம். பயம் வந்தது. இங்கேதான், இதே போர்வையில்தான் என்று பயம் வந்தது. தண்ணீர் என்று கேட்க வாயைத் திறந்தாள். புதுசைக் கூப்பிட நினைத்தாள், மாமியாரைக் கூப்பிட நினைத்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"என்னங்க..."

வீட்டில் முதுகைப் பிடித்துக்கொண்டு குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கும் மனிதரைத்தான் கூப்பிட்டாள். அவருக்குக் கேட்காது என்று தெரியும். இருந்தாலும் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். "என்னங்க!" உருளையின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற புதுசு திரும்பவில்லை. அவள் தலையை ஆட்டி ஏதோ பாட்டை முனகிக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாள். வேலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மடிப்பக்கா அழுதாள். இத்தனை நாள் தூங்கிக்கொண்டே போயிருப்பாள் என்று சொல்லி வந்த சமாதானம் அந்த இடத்தில் முடிந்துபோனது. இங்கே தூக்கம் வராது. இங்கே கிடப்பவள் கூப்பிடுவாள். வெடியும் கூப்பிட்டிருக்கிறாள்.

அடுக்குக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் வந்து நின்றது. "பரவாயில்லையே! கலக்கறீங்க போங்க. டீ சொல்லட்டுமா?"

நான்காவது டீயை எடுத்துக்கொண்டு யார் உள்ளே வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பாட்டை முனகிக்கொண்டே வருவாள் அந்தப் பெண். அப்புறம் ஆயுசுக்கும் டீ குடிக்க மாட்டாள்.

மடிப்பக்கா சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து எழுந்தாள். இரண்டு கையையும் அடுக்கில் வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினாள். ஆள் உயர அடுக்கு ஆடி, சாய்ந்து, பொலபொலவென்று கூடத்தில் சரிந்தது. பக்கத்து அடுக்கையும் தள்ளினாள். அதுவும் விழுந்தது. மருமகள் அலறிக்கொண்டு சிவப்புக் கயிற்றை இழுக்க, உருளை நின்றது. அந்த உருளை வேலை நேரத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் தொப்பி இல்லாமல், தலை கலைந்து, அவள் நின்றாள்.

"யாரு இது? நீ... நீ எங்கேர்ந்து வர்ற?" என்றார் விசில்.

"எனக்குக் காய்ச்சல் சார். வீட்டுக்குப் போறேன். லீவு போட்டுக்குங்க."

"அரை நாள் போட்டாலும் படி போயிடும்மா. நாலு பேருக்கும் போயிடும். யோசிச்சுப் பேசு."

மாமியார் பாய்ந்து வந்தார். "அடிப் பாவி, மாசக் கடைசியில எங்க வயித்துல அடிக்கறியே! இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கக் கூடாதா?"

"நான் கூப்பிட்டேன். உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள் மடிப்பக்கா.

மாமியார் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"சத்தமாத்தான் கூப்பிட்டேன். ரெண்டு தடவை. உங்க யாருக்கும் கேக்கல. அன்னைக்கும் கேட்டிருக்காது."

மாமியாரின் கண் சரிந்து கிடந்த விரிப்புகளைத் தாண்டி அந்தச் சந்துக்குப் போனது. அப்படியே விரிப்புகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். "என்னைக்கு? யாரு கூப்பிட்டது? என்ன நடக்குது இங்க?" என்று விசில் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மருமகள்தான் மாமியாரின் தோளில் கை வைத்தாள். "அத்தை, விடுங்க. அக்கா போகட்டும்" என்றாள். வீட்டில்கூட அவள் அத்தை என்று கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வாசலில் மடிப்பக்கா விரலை வைத்தாள். காய்ச்சலில் வியர்த்திருந்த விரலை மெஷின் முதல் தடவையே ஏற்றுக்கொண்டு நன்றி என்றது. அவள் தலையை நிமிர்த்திப் போட்டோவைப் பார்த்தாள். முதல் முறையாகப் பார்த்தாள். "வர்றேன்டி" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினாள்.

சுற்றுவழியில் போகவில்லை.

பஞ்சர் கடைக்காரர் ஒரு ஸ்கூட்டரின் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் கடைக்காரர் நிமிர்ந்தார். அவளை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வாம்மா! ஆளையே பாக்க முடியல..."

"அண்ணே, அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. கடைசியா ஏதாவது சொன்னாளான்னு. நான் பொய் சொல்லிட்டேன்." எல்லாவற்றையும் சொன்னாள். அடுக்கைச் சொன்னாள், அம்மா வீட்டைச் சொன்னாள், ஆணியைச் சொன்னாள், டீயைச் சொன்னாள். "அவ நிக்கல. படுத்திருந்தா. நான்தான் படுக்க வச்சேன். கூப்பிட்டிருக்கா அண்ணே. எனக்குத்தான் கேக்கல. இன்னைக்கு நான் அதே எடத்துல படுத்திருந்தேன், அதனால தெரியும்."

அவர் டியூப்பை விடவில்லை. தண்ணீருக்குள் எங்கேயோ ஓட்டை இருந்தது, குமிழி வந்துகொண்டே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு நின்றாள்.

கேட்கவே கூச்சப்படுகிறவர் மாதிரி, தலையைத் தூக்காமலே அவர் கேட்டார்.

"யாரக் கூப்பிட்டிருப்பா?"

"உங்களத்தான்" என்றாள் மடிப்பக்கா. "அங்க படுத்தா வேற யாரையும் கூப்பிட வாய் வராதுண்ணே."

அவர் கையிலிருந்து டியூப் நழுவி மேலே மிதந்தது. ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, தெரு பார்க்க அழுதார். வண்டிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் சாலையைப் பார்த்து நின்றார். பிறகு கடைக்காரர் எழுந்து, கையைத் துணியில் துடைத்து, புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டு ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்.

"நடக்க முடியுமா? முடியலன்னா ஆட்டோவக் கூப்பிடறேன். மொதல்ல டாக்டர்."

"அண்ணே, என் வண்டி?" என்றார் வண்டிக்காரர்.

"சக்கரத்த நாளைக்குக்கூட மாட்டலாம்" என்று சொல்லிவிட்டு அவர் ஆட்டோவைப் பார்த்துக் கை காட்டினார்.